கட்டில் மாடியில் ஒருவரும் இல்லை

வியாழன், ஆகஸ்ட் 7. காலை 9.25.

ஸ்ரீதேவி கைபேசியில் விலையை இரண்டாம் முறை படித்தாள். 'கிருகசோபா' பங்கு 291 ரூபாய். திங்கட்கிழமைதான் அத்தனையையும் 212-க்கு விற்றிருந்தாள்.

கட்டில், மெத்தை, திரைச்சீலை விற்கும் அந்தக் கம்பெனியின் பங்கை வாங்கியவர்கள் மூன்று பேர். சித்தூர் மாங்கூழ் ஆலையில் தரம் பார்க்கும் ஸ்ரீதேவி, பாய்லர் பார்க்கும் ஹரிபாபு, டப்பா அடைக்கும் மோனிகா. போனஸைச் சேர்த்து ஸ்ரீதேவி பெயரில் வாங்கினார்கள். டிவியில் கோட்டு போட்டுக்கொண்டு ஆரூடம் சொல்பவர்களை அவர்கள் நம்பவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு யாராவது கம்பெனியின் திருப்பதிக் கடைக்குப் போய்க் கூட்டத்தைப் பார்த்து வரவேண்டும். அதை வைத்துத் திங்கட்கிழமை முடிவு. கெட்டிக்கார ஏற்பாடுதான், போய்ப் பார்த்தவர் உண்மை சொல்லும் வரையில்.

சனிக்கிழமைக்குள் ஆலை முழுக்கப் பேச்சு பரவிவிட்டது. ஸ்ரீதேவி யாரிடமோ கமிஷன் வாங்கிக்கொண்டு விற்றுவிட்டாளாம். பன்னிரண்டு வருஷமாகச் சம்பாதித்த நல்ல பெயர் இரண்டே நாளில் காற்றில் பறந்தது.

சனி, மாலை 4.10.

திருப்பதியிலிருந்து வேதா வந்து இறங்கினாள். ஸ்ரீதேவியின் கல்லூரித் தோழி. திரைச்சீலை தைக்கும் கூடம் நடத்துகிறாள். அந்தக் கடைக்கும் தைத்துத் தருகிறவள். நூல் ஒன்று இழுத்திருந்தாலும் பத்தடி தள்ளி நின்றே சொல்லிவிடும் கண். விடுதியில் அந்தக் காலத்தில் காணாமல் போன மூன்று கைக்கடிகாரங்களைக் கண்டுபிடித்ததும் அந்தக் கண்தான்.

"நேத்தே வந்திருப்பேன்டி. கிரகப்பிரவேச ஆர்டர் குவிஞ்சு கிடக்கு. சரி, போட்டோவைக் காட்டு."

ஞாயிறு பகல் மோனிகா அனுப்பிய படம். வரிசையாகக் கட்டில்கள், பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெத்தைகள். மருந்துக்குக்கூட ஓர் ஆள் இல்லை. மேல் மூலையில் சிவப்புப் பேனர் ஒன்று, தெலுங்கில்: 'ஆஷாடத் தள்ளுபடி'.

"ஆடி மாசத்துல எவன் கட்டில் வாங்குவான்? காலியாதான் இருக்கும்னு நெனச்சேன். யாரையும் கேக்காம வித்துட்டேன்" என்றாள் ஸ்ரீதேவி.

வேதா பேனரைப் பெரிதாக்கிப் பார்த்தாள். மற்ற இருவரையும் வரச் சொன்னாள்.

மாலை 4.45.

ஹரிபாபு கோபமாகவே உட்கார்ந்தார்.

"ஞாயித்துக்கிழமை கடைக்குப் போனேளா?" என்று கேட்டாள் வேதா.

"நானும் மோனிகாவும் போனோம். பஸ் டிக்கெட் கீது, பாருங்க."

"கடையிலே எத்தனை மாடி?"

"கீழ பெட்ஷீட்டு, மேல கட்டிலு. அவ்ளோதான்."

"மேலே போய்ப் பார்த்தேளா?"

"எனக்கு முட்டி வலிம்மா. லிஃப்டுக்கு நின்னேன், ரெண்டு வாட்டி ரொம்பிப் போச்சு. கீழயே பார்த்துக்கினு இருந்துட்டேன். மேல போனது மோனிகாதான்."

மோனிகா தரையைப் பார்த்தபடி சொன்னாள். "போனது போச்சு, விடுங்கக்கா. எனக்குந்தான நஷ்டம்? ஸ்ரீதேவிக்கா மேல தப்பு இல்ல."

"அந்தப் படம் உன் போன்லே இருக்கா?"

"எடம் இல்லன்னு அழிச்சிட்டேன்."

வேதா ஜன்னலருகே போய் நின்றாள். மூவருக்கும் நஷ்டம். லாபம் யாருக்கென்று தேடினால் யாரும் அகப்படமாட்டார்கள். ஆனால் எல்லாரும் லாபத்துக்காகத்தான் விற்கிறார்களா என்ன? அவளுக்கு மனசு கனத்தது.

மாலை 5.20.

"இன்னிக்கு என்ன மாசம்?" என்று திரும்பிக் கேட்டாள்.

"ஆடி இருபத்தி நாலு" என்றார் ஹரிபாபு.

"நமக்கு ஆடி. தெலுங்குக்காரா அமாவாசைக்கு அமாவாசை மாசம் எண்ணுவா. அவா ஆஷாடம் ஜூலை இருபத்தி நாலாம் தேதியே முடிஞ்சுடுத்து. மறுநாள் சிராவணம் பிறந்தாச்சு. கல்யாணம், கிரகப்பிரவேசம் எல்லாம் இப்பத்தான். என் மிஷின்லாம் ஓயாம ஓடறதே அதனாலதான். ஆடியும் ஆஷாடமும் ஒண்ணுன்னு நீங்க மூணு பேரும் நினைச்சுட்டேள். இந்தச் சிவப்புப் பேனரைக் கழட்டச் சொல்லி, அங்கே சிராவணத்துக்குப் பூத்துணி கட்டினது நான்தான். இருபத்தஞ்சாம் தேதி காலையிலே. மேலே ஆளே இல்லேன்னா லிஃப்ட் எதுக்கு ரெண்டு தரம் நிரம்பணும்? இது ஞாயித்துக்கிழமை எடுத்த படம் இல்லே. பழைய படம். அனுப்பினது நீ, மோனிகா."

மோனிகா ரவிக்கைக் கையை மேலே தள்ளிக் காட்டினாள். தோளுக்குக் கீழே கருநீலமாய்க் கன்றிப்போயிருந்தது.

"தனியா போயிடலாம்னு ஒரு ரூம் பார்த்தேன். ஜூலைல கட்டில் வெல கேக்கப் போனப்ப எடுத்த போட்டோ அது. ஞாயித்துக்கெழம மேல ஒரே கூட்டம். பங்க விக்கமாட்டாங்கன்னு பயந்துட்டேன். அட்வான்ஸ் போன புதன்கெழம குடுக்க வேண்டியிருந்துச்சு, வித்த காசுலதான் குடுத்தேன். மே மாசமே அக்காவக் கேட்டேன், என் பங்க மட்டும் குடுன்னு. மூணு வருஷம் யாரும் நடுவுல கேக்கக் கூடாதுன்னு சொல்லிச்சு. எதுக்குன்னு கேக்கல."

ஸ்ரீதேவியின் முகம் செத்துப்போயிற்று.

ஹரிபாபு எழுந்துவிட்டார். "திங்கக்கெழம ஆலையில எல்லார் எதிர்லயும் நானே சொல்றேன், ஸ்ரீதேவிம்மா. வாய்க்கு வந்தபடி பேசினவன் நான்தான். உங்க மேல ஒரு சொல்லு இருக்கக் கூடாது."

வேதாவுக்கு நிம்மதி. வந்த காரியம் முடிந்தது.

ஸ்ரீதேவி மோனிகாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பங்கு போட்டது உன் வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவரு தம்பி நம்ம ஆலையிலதான் லோடு ஏத்தறாரு."

ஸ்ரீதேவி ஹரிபாபு பக்கம் திரும்பினாள். "ஒண்ணும் சொல்ல வேணாம், ஹரிபாபு."

"உங்களத் திருடின்னு சொல்லிக்கினு இருக்காங்கம்மா!"

"சொல்லிக்கினு இருக்கட்டும்."

ஆலையில் சொன்னால் அது மோனிகாவின் வீட்டுக்காரர் காதுக்குப் போய்விடும் என்று வேதாவுக்குப் புரிந்தது. கண்டுபிடித்ததை யாரிடமும் சொல்ல முடியாது. தோழியை நினைத்து அவளுக்குப் பெருமையாக இருந்தது, அதைவிட வலித்தது.

ஸ்ரீதேவி மோனிகாவின் ரவிக்கைக் கையை மெல்ல இறக்கிவிட்டாள். "என்னிக்கு வீடு மாத்தற?"

"நாளைக்கு. வீட்டுக்காரரு லாரில லோடு எடுத்துக்கினு வேலூரு போறாரு."

"எத்தன மணிக்கு வரணும்னு சொல்லு" என்றாள்.