துப்பக் கூடாது

கிணத்துக்கடவைத் தாண்டி, பொள்ளாச்சி சாலையிலிருந்து பிரிந்து கார் தென்னந்தோப்புக்குள் நுழைந்தபோது, பிரத்யுஷாவின் வலது கன்னம் முழு போண்டாவை ஒதுக்கி வைத்ததுபோல வீங்கியிருந்தது. முந்தின நாள்தான் கோயமுத்தூரில் அவளுடைய ஞானப்பல்லைப் பிடுங்கியிருந்தார்கள். பிடுங்கினார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. எலும்பைக் குடைந்து, பல்லை இரண்டாக உடைத்து வெளியே எடுத்திருந்தார்கள்.

"அம்மா பார்த்துக்குவாங்க. நல்லா ரெஸ்ட் எடு, சாயங்காலம் வாரேன்" என்று யஷ்வந்த் மனைவியை இறக்கிவிட்டு, வந்த வேகத்திலேயே வண்டியைத் திருப்பினான். கம்பெனிக்கு நேரமாகிவிட்டதாம். வாயைத் திறக்க முடிந்திருந்தால் பிரத்யுஷா நன்றாக நாலு வார்த்தை கேட்டிருப்பாள்.

மாமியார் ரங்கநாயகி தங்கமான மனுஷி. தலை உயரமாக இருக்கட்டும் என்று தலையணைகளை அடுக்கி, உள் அறையில் கட்டிலைத் தயாராக வைத்திருந்தாள். தயிர்ச் சாதத்தைக் கூழாகப் பிசைந்து ஆறவைத்துக் கொடுத்தாள். குளிர்பெட்டியிலிருந்து ஐஸ் கட்டிகளை எடுத்துத் துணியில் சுற்றிக் கன்னத்தில் வைப்பதும், கொஞ்ச நேரம் விட்டு எடுப்பதும், மறுபடி வைப்பதுமாகக் கூடவே உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்கண்ணு, வலி பரவாயில்லையா?"

பிரத்யுஷா தலையை மட்டும் ஆட்டினாள். டாக்டரம்மா சொன்னவற்றில் ஒன்று மட்டும் அவள் மனதில் ஆணியடித்த மாதிரி நின்றது. "வேற எதை வேணா மறங்க, இதை மறந்துடாதீங்க. துப்பவே கூடாது. பல் இருந்த குழியில ரத்தம் உறைஞ்சு மூடி மாதிரி நிக்குது. ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினாலோ, வேகமா கொப்பளிச்சாலோ, துப்பினாலோ அது கழண்டு வந்துரும். குழி திறந்துக்கும். அப்புறம் வர்ற வலி வேற மாதிரி இருக்கும்." அதனால் ஊறுகிற எச்சிலையெல்லாம் அவள் விழுங்கிக்கொண்டே இருந்தாள். அந்த மூடி நிற்க வேண்டும். அது ஒன்றுதான் இப்போது அவளுக்கு வேண்டியது.

மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்சாரம் காலையிலேயே போயிருந்தது. உச்சிப்பொழுதுக்குள் ஐஸ் எல்லாம் தண்ணீராகிவிட்டது. ரங்கநாயகி மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் பின்பக்கம் போனாள். மின்விசிறியின் சத்தமும் இல்லாமல் வீடு அடங்கிக் கிடந்தது. தோப்பில் ஒரு மட்டை விழுந்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு காக்கைகூடக் கத்தவில்லை.

முதலில் வந்தது வாசம். வெற்றிலை வாசம்.

யாரோ பக்கத்தில் நின்று மென்றுகொண்டிருப்பதுபோல் அது மூக்கில் ஏறியது. அடுத்த நிமிடம் அவள் நாக்கிலேயே சுண்ணாம்பு சுட்டது. வாயில் எச்சில் வெள்ளமாகச் சுரந்தது. துப்பு, துப்பு என்று உடம்பே கெஞ்சியது. டாக்டரம்மாவை நினைத்துக் கண்ணை இறுக மூடினாள்.

விழுங்கினாள்.

நாக்கின் அடியில் ஏதோ நெளிந்தது. ஒரு முடி. விரலை விட்டு மெதுவாக இழுத்தாள். வெள்ளை முடி. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. தொண்டை தானாகவே காறப் பார்த்தது. தலையணையைக் கடித்துக்கொண்டு அடக்கினாள். முடி ஒருவழியாக வந்து விழுந்தது.

உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. கன்னம் விண்விண்ணென்று தெறித்தது. அப்போது, யாரோ பரிவாக வைத்ததுபோல், ஒரு குளிர்ந்த உள்ளங்கை வீக்கத்தின்மேல் வந்து அமர்ந்தது. ஐஸைவிடக் குளிர்ச்சி. வலி அப்படியே அடங்கியது. அத்தைதான் வந்துவிட்டார்கள் என்று நிம்மதியோடு கண்ணைத் திறந்தாள்.

அறையில் யாரும் இல்லை.

கை இருந்தது.

கட்டைவிரல் மெல்ல நகர்ந்து, சரியாக அந்தக் குழி இருக்கும் இடத்தில், வெளியிலிருந்து அழுத்தியது. அழுத்திக்கொண்டே போனது. காதோரம் வெற்றிலை மூச்சு சுட்டது.

"துப்பு."

அவள் துப்பவில்லை. கத்தவும் முடியவில்லை. கட்டிலிலிருந்து புரண்டு விழுந்து, கையில் கிடைத்த தண்ணீர்ச் சொம்பைத் தரையில் உருட்டினாள். அந்தச் சத்தம் கேட்டு ரங்கநாயகி ஓடி வந்தாள். வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். மூக்கு விடைத்தது. முகம் வெளுத்தது.

"வெத்தலை வாசம்" என்றாள் கிசுகிசுப்பாக. "இந்த ஊட்ல இப்ப யாரும் வெத்தலை போடறதில்லையே. எங்க மாமியா ஒருத்தருதான் போடுவாங்க."

மருமகளை அணைத்துத் தூக்கி உட்காரவைத்துக்கொண்டே சொன்னாள், பாதி தனக்கே சொல்வதுபோல. "பங்காரம்மான்னா தேங்கா போடற ஆளுகூட மரத்தை உட்டு எறங்கப் பயப்படுவான். அப்படி ஒரு வாயி. எனக்கு விழுந்த பேச்சுக்குக் கணக்கே இல்ல கண்ணு. கடைசியில வாதம் வந்து பேச்சு நின்னுபோச்சு. என்னையவே பார்த்துட்டுக் கெடந்தாங்க. சொல்ல நெனச்சதெல்லாம் உள்ளயே வெச்சுட்டுத்தான் போய்ச் சேந்தாங்க."

சொல்லி முடித்ததும் எழுந்து போனாள். தட்டில் கல் உப்பும் மிளகாயும் கடுகுமாகத் திரும்பி வந்தாள். மருமகளின் தலையைச் சுற்றி எடுத்தாள்.

தட்டை அவள் வாயருகே நீட்டினாள்.

"மூணு தடவை துப்பிப்போடு கண்ணு. எல்லாம் போயிரும்."

பிரத்யுஷா பின்னுக்கு நகர்ந்தாள். சற்றுமுன் அது கேட்டதும் இதைத்தானே! தலையை வேகமாக ஆட்டினாள். பேச வாயெடுத்தாள். தாடை பூட்டிக்கொண்டதுபோல் அசையவில்லை. செல்போனை எடுத்து, 'அதுவும் துப்பத்தான் சொல்கிறது' என்று தட்டச்சு செய்து நீட்டினாள்.

"கண்ணாடி இல்லாம எனக்கு என்ன தெரியுது? டாக்டரு சொன்னாங்கன்னுதானே? அவங்களுக்கு இந்த ஊட்டைப் பத்தி என்ன தெரியும்? நான் சொல்றதக் கேளு சாமி." ரங்கநாயகி அழுதேவிட்டாள். "என்னைய அரைச்சது பத்தாதா? உன்னையும் அவங்க கையில உட மாட்டேன். துப்பு."

அந்த அழுகைக்கு முன்னால் எந்த மருமகளால் மாட்டேன் என்று நிற்க முடியும்? பிரத்யுஷா ஒரு வழி கண்டுபிடித்தாள். உதட்டால் மட்டும் பாவனை செய்துவிடலாம். அத்தைக்குத் திருப்தி, மூடியும் பத்திரம்.

தூ. வெறும் காற்று.

தூ. இதுவும் காற்றுதான்.

மூன்றாவதுக்கு உதட்டைக் குவித்தபோது பின்னாலிருந்து அந்தக் கட்டைவிரல் கன்னத்தில் அழுந்தியது.

கருஞ்சிவப்பாக ஏதோ உப்பின்மேல் விழுந்தது. ஈரல் துண்டு மாதிரி பளபளத்தது.

ரங்கநாயகி அதைச் சரியாகப் பார்க்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். மிளகாய் படபடவென்று வெடிக்கிற சத்தம் கேட்டது. துளி நெடி இல்லை. "பார்த்தியா, நெடியே வரல! அவ்வளவும் எறங்கிப்போச்சு!" என்று அங்கிருந்தே சந்தோஷமாகக் கூவினாள்.

பிரத்யுஷா வரப்போகும் வலிக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். வலி வரவில்லை. இருந்த வலியும் போய்விட்டது. கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். வீக்கம் மளமளவென்று வற்றிக்கொண்டிருந்தது. வெற்றிலை வாசமும் இல்லை. அத்தை சொன்னதுதான் சரியோ என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. பயந்து செத்ததெல்லாம் வலியில் வந்த பிரமையாகக்கூட இருக்கலாம்.

ரங்கநாயகி திரும்பி வந்து முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அட, கன்னம் பழையபடி ஆயிருச்சே! வாயத் தொற அம்மணி, பார்க்கலாம்." இந்த முறை கண்ணாடி போட்டிருந்தாள். செல்போன் விளக்கையும் ஏற்றிக்கொண்டாள்.

தாடை இப்போது லேசாகத் திறந்தது. பிரத்யுஷாவின் நாக்கு அதற்கு முன்பே அங்கே போய்த் தடவியிருந்தது.

குழி இல்லை.

கரடுமுரடாக, சில்லென்று, ஒன்று அங்கே நின்றது.

வெளிச்சம் உள்ளே விழுந்தது. ரங்கநாயகியின் சிரிப்பு அப்படியே உறைந்தது. செல்போன் கைநழுவி விழ, அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

"காவி ஏறின பல்லு" என்றாள். குரலே வரவில்லை. "கடைசியில அவங்க வாயில மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான். அதை ஒதுக்கி ஒதுக்கித்தான் தெனமும் சோறு ஊட்டுனேன்."

அத்தைக்குத் தைரியம் சொல்லப் பிரத்யுஷா வாயைத் திறந்தாள். பயப்படாதீங்க அத்தை, யஷ்வந்த்தைக் கூப்பிடலாம் என்று சொல்ல நினைத்தாள்.

வாய் அசைந்தது. அவள் பேசவில்லை.

"ஏண்டி ரங்கி" என்றது அந்த வாய். "பேச்சை எதுலடி உட்டேன்?"