நோவு இல்லை

கணவர் முத்தலிப் நீட்டிய பிளேன்டீக் கோப்பையை நூருன்னிஸா வாங்கி இரண்டு கைகளாலும் பொத்தி வைத்திருந்தாள்.

"சுடும் நூரு, கீழ வை" என்று அவர் சொன்ன பிறகுதான் விரல்கள் சிவந்து கிடப்பதைப் பார்த்தாள். சூடு தெரியவில்லை. காலையில் ஆஸ்பத்திரியில் போட்ட ஊசியின் மயக்கம் இன்னும் விடவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டாள்.

க்ரோன்ஸ் நோய் அவள் குடலைச் சுருக்கி, சோறு இறங்க முடியாமல் செய்திருந்தது. வயிற்றை வெட்டாமல், கமரா வைத்த குழாயைக் கீழ்வழியாகச் செலுத்தி, அதிலிருந்த சின்ன பலூனை ஊதி, இறுகிய இடத்தை டாக்டர் விரித்துவிட்டார். குடல் கிழிந்திருந்தால் நோவெடுக்கும், நோவெடுத்தால் உடனே வாங்க, பிந்தினால் உயிருக்கு ஆபத்து என்று சொல்லி அனுப்பினார். முத்தலிப் நோவு என்ற அந்த ஒரு சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வீடு திரும்பும் வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டு இறக்கி, பெண் சிப்பாய் அவள் வயிற்றைத் தடவிப் பார்த்து அனுப்பியபோதும் அதையே கேட்டார்.

"நோவுதா?"

"இல்ல."

சிப்பாயின் கை பட்டதுகூட அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அலுவிகாரையில் அவர்கள் வீட்டு அறையில் அவள் படுத்திருந்தபோது, பக்கத்துத் தோட்டத்தில் காயும் கராம்பின் வாசனையும், பெரிய ரோட்டில் லொறிகள் கியர் மாற்றும் இரைச்சலும், அவற்றுக்கு அடியில் டயரில் காற்று இறங்குவது போன்ற மெல்லிய சீறலும் கலந்து வர, அந்தச் சீறல் ஜன்னல் பக்கமிருந்து வரவில்லை என்பது அவளுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. வயிற்றின் மேல் போர்வை உப்பி உயர்ந்திருந்தது. வயிற்றை அழுத்தினாள். தோலுக்கடியில் பப்படம் நொறுங்கும் சத்தம். விலாவில் தொட்டாள். அங்கேயும். நெஞ்சில். கழுத்தில். நோவு இல்லை. பயப்பட வேண்டும் என்று தெரிந்தது. பயமும் வரவில்லை.

முத்தலிப் தொப்பியைச் சரிசெய்தபடி வாசலில் நின்றார். ஜன்னல் வெளிச்சம் அவர் கண்ணில் அடித்ததில் அவள் முகம் அவருக்குத் தெரிந்திருக்காது.

"அஸர் தொழுகைக்குப் போயிட்டு வாறேன். நோவுதா?"

பொய்தான் சொல்ல வேண்டும். நோவுது என்று சொன்னால் போதும், அவர் வான் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடுவார். வாயைத் திறந்தாள். உதடுகள் வீங்கி ஒட்டிக் கிடந்தன. பிரியவில்லை.

"இல்ல. நீங்க போங்க."

அவள் குரல்தான்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று அவர் திரும்பினார்.

கையால் வாயைத் தொட்டாள். மூடியிருந்தது. போர்வைக்குள் அந்தக் குரல் பேசிக்கொண்டேயிருந்தது. இல்ல. நோவு இல்ல. வெளியே கேட் சாத்தும் சத்தம். இல்ல.