பேர் கூப்பிடும் கார்டு

சனிக்கிழமை பகல் பஸ்ஸில் மகள் விஜயலெட்சுமி வந்து இறங்கினாள். தோளில் ஒரு கறுப்புப் பை. மழை இல்லை. மூடுபனி மட்டும் தேயிலைக்கு மேலே பாதி தூரம் இறங்கி, இன்னும் கீழே வருவதா, திரும்பிப் போவதா என்று யோசிக்கிற மாதிரி நின்றது. தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கில், கடைசி லயத்து வரிசையில் கடைசி அறை எங்களுடையது. அதற்கு அப்பால் ரோடு கிடையாது. பதினோராம் நம்பர் மலைதான்.

"என்னா புள்ள, பொட்டியோட வந்து நிக்கிற? மொதலாளி தொரத்திட்டாரா?" என்றாள் என் பெஞ்சாதி இராக்கம்மா.

"தொரத்துறவரு லெப்டொப்பக் குடுத்தா அனுப்புவாரு? வேலையா வந்திருக்கேம்மா."

விஜயலெட்சுமி பதுளையில் றஹீம் மொதலாளியின் கம்பியூட்டர் கடையில் வேலை செய்தாள். எங்கள் இரண்டு பேர் பரம்பரையிலும் கூடை சுமக்காத முதல் பொம்பளை அவள்தான். அவள் விரல்களைப் பார்ப்பதே எனக்கு ஒரு சந்தோசம். தேயிலைக் கறை படாத விரல்கள்.

டீ குடித்துக்கொண்டே விசயத்தைச் சொன்னாள். கடையில் ஒரு வயர்லெஸ் கார்டு விற்றார்கள். தீப்பெட்டியை மிதித்துத் தட்டையாக்கின மாதிரி இருக்கும். லெப்டொப்பின் பக்கவாட்டில் சொருகினால் வயர் இல்லாமலே இன்டர்நெட் வரும். ஆனால் அதை அனுப்புகிற பெட்டி ஒன்று கிட்டத்தில் எங்காவது இருக்க வேண்டும். இந்த ஒரு கார்டை மட்டும் வாங்கினவர்கள் எல்லோரும் திருப்பிக் கொண்டு வந்தார்கள். வெலிமடை ஜெயமலர் டீச்சர், அது தன் பாட்டில் எதிலோ போய் ஒட்டிக்கொள்கிறது, உள்ளே யாரோ மேளம் அடிக்கிறார்கள் என்று சொன்னாராம். அடுத்து வாங்கினவர் குமாரசிங்கம் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர், பேங்கில் பெரிய வேலை.

மகள் எழுந்து நின்று, இல்லாத கண்ணாடியை மூக்கில் தள்ளிவிட்டு அவர் மாதிரியே பேசிக் காட்டினாள்.

"'பிள்ளை, உதைப் பிடியும். உதுக்குள்ள ஆரோ நிண்டு பேர் கூப்பிடுகினம். நேற்று என்ர பேரையும் கூப்பிட்டவை. கூப்பிட்ட உடன வாயைத் திறக்க நான் என்ன பள்ளிக்கூடப் பெடியனோ? பேசாமல் மூடி வச்சிட்டன்.'"

இராக்கம்மா சிரித்துச் சிரித்து இருமினாள்.

"டவுன்ல பக்கத்து வீட்டு லைன் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலக்குதாம்ப்பா. ஒங்க மலையில ஒரு பெட்டியும் இல்ல புள்ள, அங்க கொண்டுபோய்ப் போட்டுப் பாரு, ஒண்ணும் புடிக்காட்டி கார்டு சரியான கார்டுதான்னு மொதலாளி சொன்னாரு."

கார்டைச் சொருகினாள். ஓரத்தில் ஒரு பச்சை விளக்கு கண் சிமிட்டியது.

நாற்பது வயதுக்குப் பிறகு முதியோர் வகுப்பில் எழுத்துப் படித்தவன் நான். எங்கே எழுத்தைக் கண்டாலும் வாய்விட்டு வாசிக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. ஒன்றுமே வராது என்றவள் திரைக்கு மேல் குனிந்திருந்தாள். நான் எட்டிப் பார்த்தேன். ஒரேயொரு பெயர் வந்திருந்தது. அதுவும் பெயர் இல்லை, இலக்கம். இரண்டு ஒன்றுகள், பக்கத்தில் பக்கத்தில்.

"பதினொண்ணு," என்று வாசித்தேன்.

"சிக்னல் முழுசா இருக்குப்பா. பக்கத்து ரூமுல இருந்து வாற மாதிரி."

எங்களுக்கு அப்பால் அறை கிடையாது. சுவருக்கு அந்தப்புறம் மலை.

அவள் எதையும் தொடவில்லை. அதுவாகவே போய் ஒட்டிக்கொண்டது. முதலில் வந்தது வாசம். ஒரு இயந்திரத்திலிருந்து வாசம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். வெட்டின மண்ணின் வாசம். ஆழத்து மண், வெயில் காணாத மண்.

பிறகு தப்பு.

மேளம் இல்லை. பெரட்டுத் தப்பு. விடியலில் ஆட்களை எழுப்பி, பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்துக்குக் கூட்டுவதற்கு அந்தக் காலத்தில் அடிக்கிற தப்பு. டீச்சருக்கும் பேங்க் ஐயாவுக்கும் அது தெரிய நியாயமில்லை. எனக்கு முதுகுத்தண்டு நிமிர்ந்தது. பயத்தில் அல்ல, பழக்கத்தில். பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. ஏனென்றால் தப்பை நிறுத்திவிட்டுத் தொண்டையைச் செருமின குரலை எனக்குத் தெரியும்.

சின்னராசா கங்காணி.

விஜயலெட்சுமி பிறப்பதற்கு முந்தின வருசம், அடைமழைக் காலையில், மலை உறுமுகிறது உறுமுகிறது என்று சனம் கத்தக் கத்த, பேர் கூப்பிட்டு முடியாமல் ஒருவரும் அசையக் கூடாது என்று களத்தில் நிறுத்தி வைத்திருந்தவர். பதினோராம் நம்பர் மலை அப்படியே வழிந்து களத்தை மூடியது. பாதிப் பேரைத்தான் தோண்டி எடுத்தோம். கங்காணியை எடுக்கவில்லை. நான் அன்றைக்குக் கீழ்க்கணக்கில் தண்ணீர்க் கான் வெட்டப் போயிருந்தேன். இராக்கம்மா காய்ச்சலில் கிடந்தாள்.

குரல் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டது. எல்லாம் மண்ணுக்குள் போனவர்களின் பேர்கள். ஒவ்வொரு பேருக்கும் பிறகு கொஞ்சம் இடைவெளி. அந்த இடைவெளியில் மெல்லிசாக ஏதோ முனகல்.

"நிப்பாட்டு புள்ள," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவள் மூடியை அழுத்தப் போன அதே நேரம் குரல் சொன்னது.

"விஜயலெட்சுமி."

தோட்டத்துக்கு வெளியே உள்ளவர்கள் ஒரு விசயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். பெரட்டில் பேர் கூப்பிடும்போது பதில் வராவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை, வேலையும் கூலியும் இல்லை. திரும்பிப் போக வேண்டியதுதான். அதனால் கைப்பிள்ளைக்காரி பிந்தி வந்தால், பக்கத்தில் நிற்பவள் அவளுக்காகக் குரல் கொடுப்பாள். அது பொய் இல்லை, உதவி. இராக்கம்மா கொழுந்து பறித்த காலம் முழுக்க எத்தனையோ பேருக்கு அப்படிக் குரல் கொடுத்தவள்.

அப்போது அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். முதுகு எங்கள் பக்கம். கங்காணியின் குரல், மகளின் பேர், பதில் இல்லாத இடைவெளி. இவ்வளவுதான் அவள் காதில் விழுந்திருக்கும்.

"இருக்குங்க!" என்றாள் இராக்கம்மா.

தப்பு ஒரு தடவை அடித்தது.

பச்சை விளக்கு அணைந்தது.

இராக்கம்மா ஊதுகுழலோடு திரும்பினாள். தான் என்ன செய்தோம் என்பது அவள் முகத்தில் மெதுவாக ஏறியதை நான் பார்த்தேன். விஜயலெட்சுமி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எனக்கு ஏன் குளிருது?" என்று கேட்டாள்.

மறுநாள் விடியுமுன்னே அவள் பாயில் இல்லை.

கொக்கியில் தொங்கிய தாயின் பழைய கூடையும், இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கும் இல்லை. பத்து மணிக்கு மேலே வந்தாள். கூடை காலி. கண் திறந்திருந்தது, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. விரல் நுனிகள் கறுத்து வெடித்திருந்தன. வருசக் கணக்காகக் கொழுந்து பறித்தவளின் விரல்கள்.

தூங்கி எழுந்த பிறகு அவளுக்கு ஒன்றும் ஞாபகமில்லை. "கையில என்னாப்பா இது?" என்று அழுதாள்.

கார்டைக் கழற்றி அரிசி டின்னுக்குள் போட்டேன். அதற்கும் அவள் எழுந்து போவதற்கும் சம்பந்தம் விட்டுப் போயிருந்தது. கதவில் பூட்டுப் போட்டோம். விடிந்தபோது பூட்டு பூட்டினபடி, கதவு திறந்தபடி. கோடாங்கியைக் கூட்டிவந்து திருநீறு போட்டோம். அவர் பதினோராம் நம்பர் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, டீ கூடக் குடிக்காமல் இறங்கிப் போனார். ஒவ்வொரு நாளும் அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் பிந்தி வந்தாள். மத்தியானம். பிறகு மாலை. தலைமயிரில் மண் இருந்தது. அந்த மண் வாசம் அவள் மூச்சிலேயே இருந்தது. ஒரு நாள் வராமலே போய்விடுவாள் என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

"நாந்தானே குரல் குடுத்தேன். என்னைய எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லுங்க," என்று இராக்கம்மா சுவரில் முட்டினாள்.

அந்தப் பேச்சில்தான் எனக்குப் புத்தி வந்தது. பேர் விழுந்த ஆளைப் பெரட்டிலிருந்து எடுக்க முடியாது. ஆனால் பதிலாள் கொடுக்கலாம். மாசமாக இருக்கிறவளுக்குப் புருசன் போய் நிற்பான், தாய் போய் நிற்பாள். எந்தக் கங்காணியும் அதைத் தட்டினதில்லை.

அடுத்த விடியலில் அவள் எழுந்தபோது நானும் எழுந்தேன். லெப்டொப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கங்காணிக்குக் குரல் கொடுக்க அரிசி டின்னிலிருந்து கார்டை எடுத்து, அவள் செய்த மாதிரியே சொருகிவிட்டுப் பின்னால் போனேன். பனி அவளை விழுங்கி விழுங்கித் துப்பியது. பதினோராம் நம்பரில் தேயிலை கிடையாது. மண் சரிந்த பிறகு மானாப்புல்தான், ஆள் உயரத்துக்கு.

அந்தப் புல்லின் நடுவே அவள் நின்றாள். கைகள் இரண்டும் வெறும் காற்றில் போய்ப் போய் வந்தன. கிள்ளின. தோளுக்கு மேலே எறிந்தன.

படக். படக்.

கொழுந்து ஒடிகிற சத்தம்.

அவள் விரலிலிருந்து மட்டும் வரவில்லை அது. அவளுக்கு வலப்பக்கத்திலிருந்து வந்தது. இடப்பக்கத்திலிருந்து வந்தது. என் முதுகுக்குப் பின்னால் நிரை நிரையாக வந்தது. ஒரு மலை நிறையப் பெண்கள் கொழுந்து பறிக்கிற சத்தம். ஒருவரையும் காணவில்லை. புல் மட்டும் வழி விட்டு, வழி விட்டு மூடியது.

பச்சை விளக்கு சிமிட்டாமல் எரிந்தது. தப்பு அடித்தது. பேர்கள் வந்தன.

"விஜயலெட்சுமி."

மகள் வாயைத் திறந்தாள். அதற்கு முன் நான் கத்தினேன்.

"ஐயா! அதுக்குப் பதிலாள் வந்திருக்குங்க!"

எல்லா விரல்களும் நின்றன. அப்படியொரு நிசப்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. என் கையில் இருந்த பெட்டிக்குள் யாரோ மூச்சு விட்டார்கள். திரையில் என் மூச்சு படாத பக்கத்தில் ஆவி படிந்தது.

"பேரு?" என்றது குரல்.

"அழகர்."

தப்பு ஒரு தடவை அடித்தது. மகள் அறுத்துப் போட்ட கீரைக்கட்டு மாதிரிச் சரிந்தாள். மறுபடியும் படக், படக் என்று தொடங்கின சத்தம் எங்களைக் கடந்து மேலே மேலே ஏறிப் போனது. கார்டைப் பிடுங்கிப் பள்ளத்தில் எறிந்தேன். அது விழுந்த சத்தம் வரவில்லை. அதைப் பற்றி நினைக்க அப்போது நேரமில்லை. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

அவள் தேறினாள். விரல்கள் ஆறின. இப்போது வெலிமடையில் அவள் சித்தி வீட்டில் இருந்துகொண்டு போன் பேசுகிற கொமியூனிகேசன் கடை ஒன்றில் வேலை செய்கிறாள். லயத்துக்கு வரவேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். லெப்டொப்பைக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தபோது கார்டு தொலைந்துவிட்டது என்றேன். "போனாப் போகட்டும், பெரிய தல வேதன அது," என்றார் றஹீம் மொதலாளி.

எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. விடியலில் நான் பாயில்தான் கிடக்கிறேன். இராக்கம்மா விடிய விடிய என் கையைப் பிடித்துக்கொண்டே படுத்திருப்பதால் அது நிச்சயம். எழும்பும்போது மட்டும் நாள் முழுக்க வேலை செய்தவன் மாதிரி உடம்பு அசந்து கிடக்கும். வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

போன கிழமை, நல்ல வெயில் நேரம், போன் அடித்தது. றஹீம் மொதலாளி.

"அழகரண்ணே, ஒரு விசயம். கொழும்புல இருந்து புதுசாக் கார்டு எறக்கினேன். சீல் ஒடைக்காத பெட்டி. ஒண்ணு தனேஸ்வரன் மாஸ்டருக்குக் குடுத்தேன். மனுசன் இந்தா கடைல வந்து நின்டு சத்தம் போடுறார். யாரோ பேர் கூப்பிடுறாங்களாம்."

நான் கைகாட்டி இராக்கம்மாவைக் கிட்டத்தில் கூப்பிட்டேன்.

"சும்மா கத உடாதீங்க மாஸ்டர்னு போட்டுப் பாத்தேன் அண்ணே. மெய்தான். அதுல கடைசியா ஒரு பேர் வருது. ஒங்கட பேர் மாதிரி இருக்கு. கொஞ்சம் கேட்டுப் பாருங்களே."

வேண்டாம் என்று சொல்வதற்குள் போனை அதற்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

தப்பு. தொண்டைச் செருமல். தெரிந்த பேர்கள், ஒன்றன்பின் ஒன்றாக. நான் உள்ளங்கையால் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டேன். இராக்கம்மாவைப் பார்த்தேன். அவளும் தன் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"அழகர்."

இடைவெளி.

பிறகு போனுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, தூரத்தில், மலை ஏறி மூச்சு வாங்கின என்னுடைய குரல் சொன்னது.

"இருக்கேங்க."