ஆரோக்கியமான இதயங்கள்

பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் ஷூ மாட்டிவிட அவள் குனிந்தபோது, மகள் இடது கையை முன்னால் நீட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி சிட்டு இது?"

"நல்ல பிள்ளைன்னா இப்படித்தாம்மா கை குடுக்கணும்."

அப்படிக் கை நீட்ட அவள் நாய்களுக்குத்தான் பழக்கியிருந்தாள். விலங்கு அறுவை ஆராய்ச்சிக்கூடத்தில் மயக்க மருந்து கொடுப்பது அவள் வேலை. மிரண்டுபோன நாயை நாலு பேர் அமுக்கிப் பிடித்து ஊசி குத்துவதைப் பார்க்க அவளுக்குச் சகிக்காது. அதனால் ஒவ்வொன்றையும் பத்து நாள் மடியில் போட்டுக் கொஞ்சி, பிஸ்கட் கொடுத்து, தானாகவே முன்னங்காலை நீட்டவும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் பழக்கிவிடுவாள். அதில் அவளுக்குப் பெருமைகூட உண்டு. ஊழியர்களின் பிள்ளைகளுக்காக அங்கே ஆராய்ச்சியை நடத்தும் சின்ன டாக்டர் சனிக்கிழமைதோறும் விலங்கு நேசர் மன்றம் நடத்துகிறார். அங்கே பார்த்திருப்பாள், பிள்ளைகள் பார்த்ததைத்தானே செய்யும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போனாள்.

கூடத்தில் வழக்கமான ஸ்பிரிட் நெடியும் ஈர ரோமத்தின் வாடையும் இருந்தன, ஆனால் குரைப்புச் சத்தம் இல்லை. கழுவிவிடப்பட்ட கூண்டுகளின் கதவுகள் வரிசையாகத் திறந்து கிடக்க, எங்கோ ஒரு குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. நன்றாக இருக்கிற இதயத்தில் ஒரு சின்ன ஓட்டை போட்டு, அதைத் தையல் இல்லாமல் ஒட்டி அடைப்பதுதான் அங்கே நடக்கும் ஆராய்ச்சி. இதுவரை முப்பத்திரண்டு நாய்கள். எல்லாமே பிழைத்திருந்தன.

மதியப் பட்டியலில் எண் முப்பத்து மூன்று என்று இருந்தது; வெளியிலிருந்து புதிதாக வந்த நாய் என்று நினைத்துக்கொண்டாள். எடை பத்தொன்பது கிலோ நானூறு கிராம். அங்கே பெயர் எழுதும் வழக்கம் கிடையாது, எண்ணும் எடையும் மட்டும்தான். கை பழகிய கணக்கு. மருந்தை ஊசியில் ஏற்றி மூடியும் போட்டுவிட்டாள். அப்புறம்தான் கோப்பில் கடைசி ஆகாரம் என்ற வரி கண்ணில் பட்டது.

பால், காலை ஏழரை மணி.

அறுவைக்குப் போகிற நாய்க்கு முந்தைய ராத்திரியோடு ஆகாரம் நிறுத்திவிடுவார்கள். இன்று ஏழரைக்கு அவள் யாருக்குப் பால் கொடுத்தாள்? போன வாரம் பள்ளியில் சிட்டுவை எடை பார்த்து அனுப்பிய அட்டையில் என்ன இருந்தது?

அடுத்த தாளைப் புரட்டினாள். சம்மதப் படிவம். அதே கூடத்தின் ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் அவள் கணவனின் கையெழுத்து. அதற்குக் கீழே, பிள்ளையின் ஒப்புதல் என்ற கட்டத்தில், கலர் பென்சிலில் ஒரு பூ.

சின்ன டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். அவள் வந்து நின்றதற்கு அவர் திடுக்கிடவில்லை.

"நோயாளிப் பிள்ளைன்னா, காப்பாத்தினது நம்ம முறையா அதிர்ஷ்டமான்னு தெரியாது மேடம். நல்ல இதயம்தான் வேணும். நெறிமுறைக் குழு அனுமதி குடுத்தாச்சு. பிள்ளையும் சம்மதிச்சிருக்கா. யாரும் பலவந்தப்படுத்தல."

"நாயும்தான் கை நீட்டுச்சு. அதுக்குப் பேரு சம்மதமா?"

"தானாக ஒத்துழைத்ததுன்னு நாய்க் கோப்புகள்ல முப்பத்திரண்டு தடவை எழுதினது நீங்கதானே?"

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. உண்மைதான். எழுதினாள். அதற்காக?

"எழுதினேன். அந்தப் பாவத்தை நான் சுமந்துக்கிறேன். என் பிள்ளை மேல ஒரு விரல் பட்டுச்சு, அப்புறம் இருக்கு உங்களுக்கு!"

ஊசியிலிருந்த மருந்தைத் தொட்டியில் பீய்ச்சிக் கொட்டினாள். மருந்து அலமாரியைத் திறந்து புட்டிகளை ஒவ்வொன்றாகத் தரையில் போட்டு உடைத்தாள்.

"சரி, கூட்டிட்டுப் போங்க," என்றார் அவர் சாதாரணமாக.

இவ்வளவுதானா?

ஓடினாள். அறுவை அறைக்கு வெளியே நீளமான தாழ்வாரம். சுவரோரம் எட்டு நாற்காலிகள். முதலாவதில், மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்திருந்த கணவன். மடியில் சிட்டு, சட்டை இல்லாமல், நெஞ்சில் மஞ்சள் மருந்து பூசியபடி. மகளை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிள்ளையின் உடம்பு சில்லென்றிருந்தது. கணவன் தலை நிமிரவில்லை. எழுந்து, அடுத்தவருக்கு இடம் விட்டு, சுவரோரம் ஒதுங்கினான்.

மற்ற ஏழிலும் ஆட்கள். காவலாளி. சமையல்காரம்மா. டிரைவரின் மனைவி. எல்லார் மடியிலும் ஒரு பிள்ளை. எல்லா நெஞ்சிலும் மஞ்சள்.

"என்ன பார்த்துட்டு உக்காந்திருக்கீங்க? எந்திரிங்க! தூக்கிட்டு ஓடுங்க!"

ஒருவரும் எழவில்லை.

"உங்களுக்கு இஷ்டம் இல்லன்னா நகருங்க," என்றாள் டிரைவரின் மனைவி. "ஏன் பிள்ளைங்களைப் பயமுறுத்துறீங்க?"

நாற்காலிக் கால்கள் கிறீச்சிட்டன. எல்லோரும் ஒரு இடம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

வெளி வாசல் வலப்பக்கம். பத்தடி. போய்விடலாம். போனால் இந்தப் பிள்ளைகள்?

போகவில்லை. மகளை இறுக்கிக்கொண்டு அறுவை அறைக் கதவில் முதுகைக் கொடுத்து, காலை ஊன்றி நின்றாள்.

"என்னைத் தாண்டி ஒரு பிள்ளை உள்ள போகாது. எவன் வரான்னு பார்க்கிறேன்."

யாரும் வரவில்லை. யாரும் சண்டைக்கு நிற்கவில்லை. கடைசி நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. சின்ன டாக்டர் மெதுவாக நடந்து வந்தார். தோளில் அவருடைய கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது, நெஞ்சில் மஞ்சளோடு. அந்த நாற்காலியில் உட்கார்ந்து, மற்றவர்களைப் போலவே அவளைப் பார்த்தார். பிறகு, அவள் கால் ஓய்கிற வரை காத்திருக்க, எட்டுப் பேரும் சௌகரியமாகச் சாய்ந்துகொண்டார்கள்.