பறவைகள் அறிந்த மேலங்கி

மூன்றாவது பெட்டியில் அடைகாத்த வாத்து அன்று காலை முனகவில்லை.

குன்வோர் நின்றாள். அவள் கடந்து போகும்போது ஈடர் என்ற கடல்வாத்து ஒவ்வொன்றும் அடித்தொண்டையில் ஒரு முனகல் விடும். முட்டிவலிக்காரர்கள் நாற்காலியில் உட்காரும்போது விடுவார்களே, அதே முனகல். அவை கூடு கட்ட அவள் வைத்த பதினோரு பலகைப் பெட்டிகள், பதினோரு முனகல்கள், அதன்பிறகு காப்பி. மே மாதத்திலிருந்து அவளுடைய காலை அப்படித்தான் தொடங்கியது. குனிந்து பார்த்தாள். காய்ந்த கடற்பாசியின் மேல் வாத்து அமைதியாக அமர்ந்திருந்தது. கண் திறந்திருந்தது. உப்பும் மீனும் கலந்த வழக்கமான வாடைக்கு அடியில், மூக்கைச் சுருங்க வைக்கும் வேறொரு வாடை மெலிதாக ஒட்டியிருந்தது.

"என்னடி, கோவமா?" என்று கிசுகிசுத்தாள்.

வாத்து இமைக்கவில்லை. அடைகாக்கிற பறவையைச் சீண்டக் கூடாது என்பதால் விட்டுவிட்டு வந்தாள்.

ஸ்கார்வாய் தீவில் அடைகாக்கும் பருவத்துக்கென்று சில கட்டுப்பாடுகள் உண்டு. நாய் கூடாது. உரத்த பேச்சு கூடாது. முக்கியமாக, உடுப்பு மாறக் கூடாது. ஏப்ரலில் பறவைகள் வந்ததிலிருந்து குஞ்சுகள் கடலில் இறங்கும்வரை அதே சாம்பல் நிற மேலங்கி, அதே நீலத் தலைத்துண்டு. அந்த மேலங்கி அம்மாவுடையது. வாசனை மாறிவிடும் என்று அதை ஒருநாளும் துவைத்ததில்லை. அம்மா காய்ச்சலில் படுத்த ஒரு வசந்தத்தில், பன்னிரண்டு வயதுக் குன்வோர் அதைத் தரையில் இழுபட மாட்டிக்கொண்டு கூடுகளுக்கு நடுவே போனாள். ஒரு பறவைகூட அசையவில்லை. உள்ளே யார் இருக்கிறார்கள் என்பதைப் பற்றி அவற்றுக்குக் கவலையே இல்லை.

அந்தக் காலத்துப் பறவைகளை அழித்தது அவளுடைய அப்பா. ஊருக்கு அது தெரியாது. அவளுக்கும் தம்பி யோஸ்டெய்னுக்கும் மட்டும் தெரியும். வீட்டுக்குப் பின்னால் கூண்டுகளில் எண்ணூறு மிங்க் வளர்த்தார். கீரியைப் போல நீண்ட உடல், இருட்டைப் பூசிய மாதிரி ரோமம். ரோமத் தொழில் படுத்துவிட்ட வருடம், இனி எல்லாவற்றையும் கொன்றுதான் ஆகவேண்டும் என்ற நிலை வந்தபோது, மனிதர் பாவம் பார்த்துவிட்டார். ஒரு நாள் விடியற்காலையில் எண்ணூறு கதவுகளையும் திறந்துவிட்டார். அவை முட்டைகளையும் பறவைகளையும் வேட்டையாடியதில், மூன்றே வருடத்தில் சுற்றியிருந்த தீவுகளில் ஒரு ஈடர் வாத்து மிஞ்சவில்லை.

முப்பது வருடம் காலியாகக் கிடந்த தீவுக்கு, மீன் ஆலை வேலையை விட்டுவிட்டுக் குன்வோர் பொறிகளோடு திரும்பி வந்தாள். ஆறு குளிர்காலத்தில் நூற்று நாற்பது மிங்குகளைப் பிடித்துக் கொன்றாள். பைத்தியம் என்றார்கள். இந்த வருடம் பதினோரு பறவைகள் வந்து இறங்கியபோது அவள் படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

"உன் பதினோரு மகாராணிகளும் எப்படி இருக்காங்க?" அன்று மாலை தொலைபேசியில் யோஸ்டெய்ன் கேட்டான்.

"இருக்காங்க. ஒருத்தி மட்டும் பேச மாட்டேங்கிறா."

"உன்கூட இருந்தா நானும்தான் பேச மாட்டேன்." சிரித்தான். பிறகு குரல் இறங்கியது. "போதும் குன்வோர். கரைக்கு வந்துடு. அப்பா செஞ்சதுக்கு நீ என்ன பண்ணுவ?"

"குஞ்சுங்க கடல்ல இறங்கட்டும். அப்புறம் பாக்கலாம்."

"அதுக்குள்ள மிங்க் வந்துட்டா?"

"வரட்டும்டா. இது என் வீடு. அதுங்க வீடில்ல."

இரவு என்று ஒன்றே இல்லாத ஜூன் மாதம் அது. சூரியன் கடலுக்கு மேல் ஒரு முழ உயரத்தில் நின்றபடி சுற்றிக்கொண்டிருந்தது. கனத்த திரைச்சீலையை இழுத்துவிட்டுத் தூங்கினாள். கண் விழித்தபோது வீடு முழுக்க அந்த வாடை. முன்கூடத்துக் கொக்கியில் மாட்டியிருந்த மேலங்கியின் ஓரம் ஈரமாக இருந்தது. அவள் வெளியே போகவில்லை. மழையும் பெய்யவில்லை. பைக்குள் கையை விட்டாள். பாதி தின்ற ஹெர்ரிங் மீன் ஒன்று இருந்தது. நேற்றுக் கடலோரப் பொறியில் இரையாக வைத்த மீன், நூல் கட்டு அப்படியே இருந்தது. மேலங்கியின் உட்புறத்தைத் தொட்டாள். இப்போதுதான் யாரோ கழற்றி வைத்ததைப் போல வெதுவெதுப்பாக இருந்தது.

ஆனாலும் அதையே மாட்டிக்கொண்டாள். வேறு உடுப்பில் போக முடியாதே.

வெளியே கடல்மூடுபனி. முதல் பெட்டி முனகியது. இரண்டாவது முனகியது. மூன்றாவது இல்லை. நான்காவது இல்லை. எண்ணிக்கொண்டே நடந்தாள். ஆறு முனகல்கள். ஐந்து மௌனங்கள்.

மூன்றாவது பெட்டியின் முன் மண்டியிட்டாள். முட்டைகளைப் பார்க்க எப்போதும் செய்வதைப் போல வாத்தின் வயிற்றுக்கு அடியில் கையை நுழைத்தாள். பஞ்சைவிட மென்மையான தூவி. சூடு. முட்டை இல்லை. முட்டை இருக்கவேண்டிய இடத்தில் ரோமம். அந்த ரோமம் மூச்சு விட்டது. ஊசி போன்ற பற்கள் அவள் விரல்நுனியை மெதுவாகக் கவ்வின. கடிக்கவில்லை. அளவு பார்ப்பதைப் போலப் பிடித்திருந்துவிட்டு, விட்டன.

வாத்தின் கழுத்து ஒருபக்கம் சாய்ந்தது. அதற்குள் எலும்பு இல்லை.

அப்பா தோலுரிக்கும் விதம் அவளுக்கு நினைவு வந்தது. கிழிக்க மாட்டார். பின்னங்காலருகே ஒரு சிறிய வெட்டு. பிறகு காலுறையைக் கழற்றுவதைப் போல முழுத் தோலையும் உருவிவிடுவார். ரோமம் ஒன்றுகூடச் சேதமாகாது. கூண்டுகளில் மிச்சமிருந்தவை கம்பியோடு கம்பியாக ஒட்டி நின்று பார்த்துக்கொண்டிருக்கும்.

ஓடவில்லை. உயிருள்ள ஆறு மிரளும் என்பதால் மெதுவாகவே வீட்டுக்கு நடந்தாள், எப்போதும்போல வலது காலைச் சற்று இழுத்துக்கொண்டு. உள்ளே நுழைந்ததும் மேலங்கியையும் தலைத்துண்டையும் முன்கூடத்தில் எறிந்து, உள்கதவைத் தாழிட்டாள்.

"நான் கிளம்பிட்டேன்," என்றான் யோஸ்டெய்ன், தொலைபேசியில் அவள் சொன்னதைக் கேட்டதும். அவன் இப்போது சிரிக்கவில்லை. "பனி அதிகமா இருக்கு, நாலு மணி நேரமாகும். கதவச் சாத்திட்டு உள்ளேயே இரு."

"நாலு மணி நேரத்துல ஆறும் போயிரும்."

"போகட்டும் குன்வோர். வாத்துதானே."

"எண்ணூறத் திறந்துவிட்டப்போ அப்பாவும் இப்படித்தான் சொன்னாரு, மிங்குதானேன்னு." வைத்துவிட்டாள்.

ஆறு எது, ஐந்து எது? முனகலை நம்பலாமா? இன்றைக்கு மௌனமாக இருப்பவை நாளைக்கு முனகக் கற்றுக்கொள்ளும். ஒரே வழிதான் இருந்தது. நிஜப் பறவை புது உடுப்பைப் பார்த்தால் பறக்கும். நிஜமில்லாதது பறக்காது.

படுக்கையறைப் பெட்டியின் அடியில் அம்மாவின் மிங்க் அங்கி கிடந்தது. அப்பா திருமண நாளுக்குக் கொடுத்தது, அறுபது தோல்கள். அம்மா இரண்டு முறைதான் அணிந்தாள். குன்வோர் அதை உதறி மாட்டிக்கொண்டாள். கனமாக, வழுவழுப்பாக, அசிங்கமாக இருந்தது. "என் வீட்டுல எனக்கே வேஷமா," என்று சத்தமாகச் சொன்னாள். இரும்புச் சட்டியும் கரண்டியும் எடுத்தாள். சமையலறைக் கதவு வழியாக வெளியே பாய்ந்தாள்.

பிறந்ததிலிருந்து அந்தப் பருவத்தில் அவள் தீவில் கத்தியதே இல்லை. இப்போது கத்தினாள். சட்டியை அடித்தாள். முதல் பெட்டியிலிருந்து வாத்து சிறகடித்துப் பாய்ந்தது. இரண்டாவது. ஆறாவது. எட்டாவது. முட்டைகளை விட்டுவிட்டுத் தத்தித் தடுமாறி ஆறும் தண்ணீரில் விழுந்தன. ஆறு. உயிரோடு. அடுத்த வருடம் மறுபடி வரும்.

ஐந்து அப்படியே உட்கார்ந்திருந்தன.

பிறகு ஐந்து தலைகளும் ஒன்றாகத் திரும்பின. அவளை நோக்கி அல்ல. அவளுக்குப் பின்னால், வீட்டை நோக்கி.

முன்கதவு முனகியது.

படியில் சாம்பல் நிற மேலங்கி இறங்கி வந்தது. பொத்தான்கள் போட்டிருந்தன. கழுத்துக்கு மேல் நீலத் தலைத்துண்டு, நிறைந்து, உப்பி. மேலங்கியின் கைகளுக்குள் ஏதோ மேலும் கீழும் ஓடியது. நடை அவளுடைய நடை. வலது காலை இழுக்கும் நடை.

தண்ணீரிலிருந்த ஆறு வாத்துகளும் அதைப் பார்த்தன. முனகின. பழகிய, நிம்மதியான முனகல். கரையை நோக்கி நீந்தத் தொடங்கின.

"வராதீங்க," என்று அலறினாள்.

வந்தன. ஆனால் அவளைப் பார்த்துத் தயங்கின. அவளுடைய அங்கியைப் பார்த்து. அப்போது அவளுக்குப் புரிந்தது. இங்கே அவை பயப்படுவது இந்த அங்கியில் நிற்கும் அவளுக்கு மட்டும்தான்.

தண்ணீர் விளிம்புக்கு ஓடினாள். முழங்கால் வரை இறங்கினாள். வீட்டுக்கு முதுகைக் காட்டி, கைகளை அகல விரித்து நின்றாள். சட்டியை அடித்தாள். வாத்துகள் பின்வாங்கின. நிறுத்தினால் முன்னே வந்தன. அடித்தாள். பின்வாங்கின.

கூழாங்கல் நொறுங்கும் ஓசை. ஒரு காலடி, ஒரு இழுப்பு. ஒரு காலடி, ஒரு இழுப்பு. அந்த வாடை. பிறகு தண்ணீர் கலையும் ஓசை.

"வா," என்றாள் திரும்பாமல். "நான் நகர மாட்டேன்."

ஈரமான கம்பளிக் கை ஒன்று அவள் தோளில் அமர்ந்தது. எடையில்லாமல், உள்ளே பலவாக நெளிந்துகொண்டு. பின்கழுத்தில் ரோமக் காலர் மெதுவாக விலக்கப்பட்டது. சின்னச் சின்னச் சூடான மூச்சுகள், ஒன்றன்மேல் ஒன்றாக, அங்கே வந்து நெருங்கின. குன்வோர் சட்டியை அடித்தாள். பனிக்குள் ஆறு வாத்துகளும் தூரமாகப் போய்க்கொண்டிருந்தன. அவள் அடித்துக்கொண்டே இருந்தாள்.