பெயர் வெட்டிய டம்ளர்

டம்ளரில் பெயரைக் காணவில்லை. பாத்திரக்கடையில் நின்று சகாயமேரி தானே பார்த்துப் பார்த்து வெட்டச் சொன்ன பெயர். விளிம்புக்குக் கீழே நகத்தால் தடவினாலே நெருடும். இப்போது வழவழவென்று இருந்தது. தேய்த்துத் தேய்த்து அழிந்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். அப்படி அழியுமா என்ன? பக்கத்திலிருந்த டேவிட்டின் டம்ளரில் பெயர் பளிச்சென்றுதான் இருந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறைக்கு மேலே ஒற்றை அறைதான் அவர்கள் ஆபீஸ். மழை பிடித்துக்கொண்ட அந்தச் சாயங்காலம் கீழே லேத்தின் இரைச்சலும், சூடான இரும்புத்தூளும் ஆயிலும் கலந்த வாடையும், ஜன்னல் தகரத்தில் விழும் சடசடப்பும் எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தன. டம்ளரை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டாள்.

தமிழில் அடிப்பதற்கான ஒரு புரோகிராமை அவளும் டேவிட்டும் எழுதி, அதன் வரிகளையும் மறைக்காமல், கேட்டவர்களுக்கெல்லாம் ஃப்ளாப்பியில் இலவசமாகக் கொடுத்துவந்தார்கள். யார் வேண்டுமானாலும் திருத்தலாம். ஒரே நிபந்தனை: எந்தப் பகுதியை யார் எழுதினாரோ, அவர் பெயர் அதன் தலையில் இருக்க வேண்டும். அந்தப் பெயர்களைச் சரிபார்ப்பது மேரியின் வேலை. ஈஸ்டர் கழிந்ததும் அவளுக்கும் டேவிட்டுக்கும் கல்யாணம்.

அவள் எழுதிய பகுதியின் தலையில் டேவிட்டின் பெயர் இருந்தது.

திரையில் வரிகளைக் கீழே நகர்த்திக்கொண்டே போனாள். டேவிட். டேவிட். டேவிட். எழுத்துக்குப் புள்ளி வைக்கும் பகுதியில் மட்டும் அவள் பெயர் மிச்சமிருந்தது. பாவி! எப்போது செய்தான்?

டீ கொடுக்கும் லூர்தம்மாள் டம்ளர் எடுக்க வந்தாள்.

"அக்கா, என் டம்ளரைப் பாருங்கக்கா."

லூர்தம்மாள் திரும்பவில்லை. "ஆளே இல்லாத ரூம்ல ஃபேன் ஓடிகினு கீது பாரு," என்று முனகியபடி ஸ்விட்சை அணைத்தாள்.

"அக்கா!" தொண்டை கிழியக் கத்தினாள். லேத் சத்தம்தான் கேட்டது.

டேவிட் நனைந்துகொண்டே உள்ளே வந்தான்.

"இன்னா நைனா, கண்ணாலம்னு சொன்னியே. பொண்ணு யாருன்னு சொல்லவே இல்ல?" என்றாள் லூர்தம்மாள்.

டேவிட் மேரியை நேராகப் பார்த்தான். அவன் கண்ணுக்கு அவள் தெரிந்தாள்.

"கல்யாணமெல்லாம் ஒண்ணும் இல்லக்கா."

லூர்தம்மாள் படியிறங்கிப் போய்விட்டாள்.

"உன்ன நம்புனேனே டேவிட்!"

"ஒரு கம்பெனிக்காரன் விலைக்குக் கேக்கறான். ஒரே ஆளு எழுதினதா இருந்தாத்தான் வாங்குவானாம், மேரி." முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னான். அப்புறம் அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே வந்து உட்கார்ந்தான்.

கனமே இல்லை. மழை ஈரம் மட்டும் அவளுக்குள் பரவியது. அவன் முதுகு அவள் நெஞ்சுக்குள் இருந்தது. அவன் கைகள் அவள் கைகளுக்குள் புகுந்தன. விரலுக்குள் விரல்.

இழுத்தாள். வரவில்லை.

புள்ளி வைக்கும் பகுதி. அவள் பெயர். கடைசி எழுத்தின் பக்கத்தில் கர்சர் துடித்தது.

ஒரு தட்டு. ஓர் எழுத்து போனது.

இன்னொன்று.

மாதாவே என்று கூப்பிட வாயைத் திறந்தாள். வாய் இல்லை.

லேத் நின்றது. முதல் எழுத்து மட்டும் பாக்கி. அவன் விரலில் மாட்டிக்கொண்ட அவள் விரல், அழிக்கும் பொத்தானை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.