தலையணைக்கடியில் ஒரு முடிச்சு

இடுப்பு விட்டுப்போயிருந்தது. விடியலிலிருந்து பாதுவா நகரத்து வாய்க்கால் படித்துறையில் ஊரார் துணியை அடித்துத் துவைக்கிறவள் ஓர்சோலா. அந்த வலி அவளுக்குப் பழக்கம். பழக்கமில்லாதது அடிவயிற்றில் இருந்தது. உள்ளேயிருந்து யாரோ நகத்தால் பலகையைச் சுரண்டுவது போல, சுரண்டியபடியே மேலே ஏறுவது போல.

நடுப்பகலில் கட்டிலில் விழுந்தாள். மாமியார் லுசியேத்தா மருத்துவச்சி பாஸ்குவாவைக் கூட்டிவந்தாள்.

"கருப்பை இடம் பெயர்ந்திருச்சு," என்றாள் பாஸ்குவா, வயிற்றை அழுத்திப் பார்த்து. "புருசன் கப்பலுக்குப் போயி எவ்வளவு நாளாச்சு?"

"ஈஸ்டர் முடிஞ்சதும் போனான்," என்றாள் லுசியேத்தா.

"அதான். பசிச்ச மிருகம் சும்மா கிடக்குமா? மேல ஏறி மூச்சை அடைக்கப் பாக்குது. மூக்குல நாத்தம் காட்டுனா பயந்து இறங்கும். கீழ வாசனை காட்டுனா ஓடி வரும்."

"என் மவனையும் இப்படி வாசனை காட்டிக் கூப்பிட முடிஞ்சா நல்லாத்தான் இருக்கும்," என்று சிரித்தபடி லுசியேத்தா தண்ணீர் எடுக்கப் போனாள்.

போன ஆகஸ்டில் நாத்தனார் மெனேகா இதே கட்டிலில்தான் விறைத்துக் கிடந்தாள். கருப்பை மூச்சை அடைத்தவள் செத்தவள் போலவே கிடப்பாள், மூன்று நாளைக்குப் புதைக்காதீர்கள் என்று சொல்லிப் போயிருந்தாள் பாஸ்குவா. காவலிருந்தவள் ஓர்சோலா. வெயில், ஈ, வாசலில் குவிந்து கிடந்த அழுக்குத் துணி. இரண்டாம் நாள் காலையில் "பிணவாடை வந்துருச்சு அத்தை" என்று சொன்னதும் அவள்தான். அன்றைக்கே கோயில் நிலவறையில் இறக்கிக் கல்லை மூடினார்கள்.

இப்போது பாஸ்குவா ஒரு துணி முடிச்சை ஓர்சோலாவின் தலையணைக்கடியில் செருகினாள்.

"பெருங்காயமும் கந்தகமும். வெயில் ஏற ஏறத்தான் வீரியம். உன் மாமியாகிட்ட சொல்லிறாத, அப்புறம் அவளே முடிஞ்சுக்குவா, என் பொழப்பு போயிரும். மெனேகாவுக்கும் இதத்தான் வச்சேன்."

நாற்றம் எழுந்தது. அழுகிய முட்டை போல, ஊறிப்போன தோல் போல.

அன்றைக்கும் இதே நாற்றம்.

சொல்ல வாய் திறந்தாள். நாக்கு எழவில்லை. சுரண்டல் நெஞ்சைத் தாண்டியது. தொண்டைக்கு வந்தது. விரல்கள் விறைத்தன. கண் மூடிக்கொண்டது.

காது மட்டும் திறந்திருந்தது.

மூச்சு இருக்கிறதா என்று பார்க்க நெஞ்சின் மேல் தண்ணீர்க் கிண்ணம் வைத்தார்கள்.

"தண்ணி அசையலையே," என்றாள் லுசியேத்தா.

"மூணு நாள் பாரு. அவசரப்படாத." பாஸ்குவாவின் மரச்செருப்பு படியிறங்கிப் போனது.

கோயில் மணி அடித்து ஓய்ந்தது. ஈ ஒன்று உதட்டில் நடந்தது. இருட்டி, மறுபடி வெயில் கன்னத்தில் ஏறியது. தலையணைக்கடியில் முடிச்சு வெந்தது.

"நாத்தம் தாங்க முடியலப்பா," வாசலில் யாரிடமோ லுசியேத்தா அழுதாள். "மெனேகாவுக்கும் ரெண்டாம் நாளே வந்துச்சு. இவதான் கண்டுபிடிச்சுச் சொன்னா. நல்ல மூக்கு அவளுக்கு."

"அப்ப எடுத்துரலாம்மா. அதே கல்லத்தான் தூக்கணும்."

கிண்ணத்தை எடுத்தார்கள். துணி போர்த்தினார்கள். ஊசி காலிலிருந்து ஏறி வந்தது. முகத்துக்கு மேல் கடைசித் தையல் விழுந்த பிறகு, துணி ஒருமுறை அவள் வாய்க்குள் இழுபட்டது.

யாரும் பார்க்கவில்லை.

கயிறு. ஈரக் குளிர். கல் மூடிய சத்தம்.

உடனே அவளுக்குள் சுரண்டல் நின்றது.

பக்கத்தில் தொடங்கியது.

மெனேகாவுக்கு அவள் தர வேண்டிய அந்த மூன்றாம் நாள் இன்னும் பாக்கி இருந்தது.